இன்சார்ஜில் உத்தரவு இல்லை

நெடுங்கரை கோர்ட் மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், கறுப்பு அங்கியின் ஒரு கையை மாட்டிவிட்டு மறு கையை மாட்ட மறந்து நின்றுகொண்டிருந்தார் நீதிபதி திருமலைக்கொழுந்து. வரும் வழியில் பைபாஸ் ஓரம் பார்த்த போர்வெல் லாரிகள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றன. போன வாரம் அந்த இடம் காலியாகக் கிடந்தது, ஆடு மேய்ந்தது. இன்றைக்கு ஒன்றன் பின் ஒன்றாக, முதுகில் குழாய்களை அடுக்கிக்கொண்டு, சக்கரத்தில் ஏதோ ஊரின் செம்மண் அப்பிக்கொண்டு, அத்தனையும் வந்து நிற்கின்றன. லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாட்டுக்கூடப் பாடினான். வடக்கே மழை பிடித்துவிட்டது, வேலை நின்றுவிட்டது, வண்டிகள் ஊர் திரும்பிவிட்டன. அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அப்போது கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், சத்தத்துக்காக இல்லை, எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை. வண்டி திரும்பினால் ஆள் திரும்புவான். ஆள் திரும்பினால் என்ன நடக்கும் என்று அந்தப் பெண் இதே கோர்ட்டில், இதே மேடைக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தாள். சம்பூர்ணம். பெயர் நினைவில் இருப்பதே அதிசயம். வருஷத்துக்கு எத்தனை பெயர்கள் இந்தக் காது வழியாகப் போகின்றன, ஒன்றாவது தங்கியிருக்கிறதா? இது தங்கிவிட்டது. பல்லில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய் நிற்கிறது. வழக்குப் பட்டியலில் அவளுடைய மனு எங்கே இருக்கிறது என்று பார்த்தாயிற்று. கடைசிக்குச் சற்று முன்னால். மதியத்துக்குள் வந்துவிடும். அங்கியின் இன்னொரு கையை மாட்டினார். பெஞ்ச் கிளார்க் அலமேலு கதவைத் தட்டி, "ஐயா, எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மேடையேறி உட்கார்ந்தார். டவாலி பெரியண்ணன் "சைலன்ஸ்" என்று குரல் கொடுத்தான், எழுந்த கூட்டம் உட்கார்ந்தது. சின்ன ஹால். வக்கீல்களும் போலீஸ்காரர்களுமே அதை நிறைத்துவிடுவார்கள். வழக்குக்காரர்கள் வெளியே தாழ்வாரத்திலும் வேப்பமரத்தடியிலும் நிற்பார்கள், பெயரைக் கூப்பிட்டால் உள்ளே வருவார்கள். ஆகவே ஹாலில் அவள் முகம் இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனாலும் கண் பின்வரிசைவரை போய்த் தேடிவிட்டுத்தான் திரும்பியது. அப்போதுதான் வக்கீல் ஹாஜிரா எழுந்து நின்றாள். இலவச சட்ட உதவியில் சம்பூர்ணத்துக்காக மனுப் போட்டவள் அவள்தான். நல்ல பெண், சுறுசுறுப்பு, எப்போதும் லேசான சிரிப்பு இருக்கும். இன்றைக்கு அது இல்லை. கண் உள்ளே போயிருந்தது. தூங்காத முகம். "ஐயா, ஒரு விஷயம் மென்ஷன் பண்ணணும்" என்றாள். "எதுவா இருந்தாலும் வரிசையில வரட்டும்மா. லிஸ்ட் பெரிசா இருக்கு." "ஐயா, ஒரே நிமிஷம், இது கொஞ்சம்..." "வரிசையில வரட்டும்னேனே." அவர் குரல் அவருக்கே தடித்துக் கேட்டது. மற்ற வக்கீல்கள் ஹாஜிராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

முதல் வழக்கைக் கூப்பிட்டார்கள். சீட்டாட்டம். "இருக்கேனுங்க" என்று நாலு பேர் கூண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். சாட்சி இன்ஸ்பெக்டர் வரவில்லை, வாய்தா. அடுத்தது. அவருக்கு இந்த வேலைக்கு மூளை தேவைப்படவில்லை. கையும் வாயும் போதும். மூளை ஹாஜிராவின் முகத்திலேயே உட்கார்ந்திருந்தது. சாவுச் செய்தி கொண்டு வருகிற வக்கீலின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். முன்சீப்பாக இருந்த காலத்தில் எத்தனை தடவை: "வாதி இறந்துவிட்டார், ஐயா, மெமோ போடறேன்." சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், கேஸ் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொள்வார்கள், அந்தக் கிழவனை வாழ்நாளில் இரண்டு தடவைதான் பார்த்திருப்பார்கள், ஆனாலும் முகம் அப்படி ஆகிவிடும். ஹாஜிராவின் முகம் அப்படித்தான் இருந்ததா? இருந்தது. இல்லை, காய்ச்சலாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் செல்போன் பார்க்கிறார்கள். ஒரே நிமிஷம் என்றாளே. ஒரே நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற செய்தி எதுவாக இருக்கும்? உத்தரவு கேட்பதென்றால் ஒரு நிமிஷம் போதாது. வாதம் வேண்டும், படிக்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான். அப்படியானால் வரிசையில் வரட்டும். வரும்வரை அது நடக்கவில்லை. பெயரைக் கூப்பிடாத வரை பெயருக்குரியவள் இருக்கிறாள், எங்கேயோ, வேப்பமரத்தடியில், பஸ்ஸில், வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு. இது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எதிரி ஆஜர்" என்று யாரோ இரண்டாவது தடவை சொன்னார்கள். "ம், வாய்தா" என்றார்.

சம்பூர்ணம் வந்து நின்ற அந்த வெள்ளிக்கிழமை. அவளை அழுகிறவளாக எதிர்பார்த்தார், அவள் அழவில்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "சாமி, அவரு போர் போடற ரிக்கு வண்டியில போறவருங்க. வடக்க இருக்கற வரைக்கும் நானும் புள்ளையும் நிம்மதியா இருக்கறமுங்க. அங்க மழ புடிச்சா வண்டி திரும்பிருங்க. வந்தா மொதல்ல பிராந்திக் கடைக்குப் போவாருங்க, அப்பறம் ஊட்டுக்கு வருவாருங்க." இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். எலும்பு ஒட்டிய இடம் திரும்பிக்கொண்டு நின்றது. "இது போன மழைக்குங்க. இந்த மழைக்கு உசுரோட உடமாட்டேன்னு போன்லயே சொல்றாருங்க. ஊடு எங்கப்பன் எனக்குக் குடுத்ததுங்க சாமி. அவரு உள்ள கால வெக்கக் கூடாதுன்னு ஒரு காயிதம் மட்டும் குடுத்துருங்க. போலீஸ்ல காட்டுனா அவிங்க பாத்துக்கறோம்னாங்க." அவள் பின்னால், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, கோர்ட்டின் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப ஆள் எங்கே இருக்கான்?" "ஒரிசாப் பக்கமுங்க. ஊரு பேரு வாயில நொழையாதுங்க." அவர் அவளை நம்பினார். அதில் துளி சந்தேகம் இல்லை. சட்டம் இருக்கிறது, எதிர்தரப்பைக் கேட்காமலே உடனடி இடைக்கால உத்தரவு போடலாம், அதிகாரம் இருக்கிறது, மனுவும் ஒழுங்காக இருக்கிறது. பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது அலமேலு தலையைத் திருப்பாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஐயா, இன்சார்ஜ்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவளைக் குறை சொல்லி என்ன? பெஞ்ச் கிளார்க் எல்லாரும் சொல்லும் வார்த்தை. இந்தக் கோர்ட்டின் மாஜிஸ்திரேட் பிரசவ லீவில் போயிருக்கிறார். மருதங்காட்டிலிருந்து கொழுந்து வாரம் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்வது என்றால் கூப்பிடுவது, வாய்தா போடுவது, எழுந்து போவது. அடுத்தவர் கோர்ட்டில் உத்தரவு போடுவதில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி கிடையாது, ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள பல வரிகளைவிட இது ஒழுங்காக நடக்கிறது. அவர் இளைஞராகச் சேர்ந்தபோது ஒரு சீனியர் தோளில் தட்டிச் சொன்னார்: இன்சார்ஜில் கையை நனைக்காதே தம்பி, அப்புறம் அப்பீலில் உன் பெயர்தான் இருக்கும். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. அதோடு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பாடம் நடத்தும் வகுப்பு இருந்தது, கடிகாரம் அவரைப் பார்த்தது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகட்டும்" என்றார். தேதி போட்டார். பேனாவை மூடினார். அவளுக்குப் புரியவில்லை. "காயிதம் எப்பங்க சாமி தருவீங்க?" என்று கேட்டாள். பெரியண்ணன் அவளை மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனான். குழந்தை திரும்பித் திரும்பி விசிறியைப் பார்த்துக்கொண்டே போனது.

செக் கேஸ். எதிரிக்கு உடம்பு சரியில்லை என்று மனு. அனுமதி. அடுத்தது. மின்சாரம் போய்விட்டது. விசிறி நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துப்போய், ஆனால் ஒரு சொட்டும் விழாமல், காற்றும் இல்லாமல் கவிந்து கிடந்தது. அங்கிக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்குவதை அவர் பின்தொடர்ந்தார். அன்றைக்கு மாவட்டத் தலைநகருக்குக் காரைப் பறக்கவிட்டுக்கொண்டு போனாரே, அந்த வகுப்பு. தனியார் சட்டக் கல்லூரி. சனி, ஞாயிறு போக, வெள்ளி மாலையும் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். கொழுந்து சார் வகுப்பு என்றால் வராண்டாவில்கூட நிற்பார்கள். அவர் நன்றாகப் பாடம் நடத்துவார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட்டில் வாய்தா போட்டுப் போட்டு மரத்துப்போன நாக்கு, அங்கே போனதும் துள்ளும். அன்றைய பாடம், இருக்கிற பாடத்திலெல்லாம் அதுதான், குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடைக்கால நிவாரணம். சிலபஸ் அப்படி விழுந்தது. அவர் என்ன செய்தார்? சம்பூர்ணத்தைச் சொன்னார். பெயரை மட்டும் மறைத்தார். "ஒரு பொம்பள வர்றா. புருஷன் வடக்கே. மழை வந்தா திரும்புவான். வந்தா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான். நீ மாஜிஸ்திரேட். என்ன செய்வே?" முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்தாள். "உடனே எக்ஸ்பார்ட்டி உத்தரவு போடுவேன் சார். நோட்டீஸ் மட்டும் விட மாட்டேன். நோட்டீஸ் விட்டா, உன்மேல உன் பொண்டாட்டி கேஸ் போட்டிருக்கான்னு நாமளே அவனுக்குத் தகவல் சொன்ன மாதிரி ஆயிடும்." "வெரி குட்" என்றார் கொழுந்து. கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

தட்டிய அந்தக் கைதான் இது. மேஜை மேல் கிடந்த தன் வலது கையை யாருடையதோ போலப் பார்த்தார். திரும்பி வருகிற வழியில்தான் அந்தப் பெண் சொன்ன பதில் முழுசாக உள்ளே இறங்கியது. நோட்டீஸ். அது எங்கே போகும்? ஒரிசாவுக்கா போகும்? நாச்சிமுத்து, அவன் பெயர் அது, மனுவில் கொடுத்திருந்த விலாசம் ரிக்கு வண்டி முதலாளியின் ஆபீஸ். அங்கே யாராவது கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். பிரிப்பார்கள். கோர்ட் முத்திரை போட்ட காகிதத்தைப் பிரிக்காமல் யார் வைப்பார்கள்? போட்டோ எடுத்து அவன் போனுக்கு அனுப்புவார்கள். அங்கே காட்டுக்குள் ஒரு ரிக்கு வண்டி, சுற்றிலும் பத்து ஆம்பிளைகள், ஒருவன் சத்தமாகப் படிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் காட்சியை அவர் எத்தனை தடவை ஓட்டியாயிற்று. சாப்பிடும்போது ஓடும், ஷேவ் பண்ணும்போது ஓடும். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதனுக்கு முகம் இருக்காது, கழுத்துக்கு மேல் புகையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி, கிணற்றில் பெண் பிணம் என்று ஆரம்பித்தது. எந்த ஊர் என்று பார்ப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டார். பிறகு அதைத் தேடியபோது கோமதி அந்தத் தாளில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். மனைவியிடம் "அதைக் கொஞ்சம் கொடு" என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். மாஜிஸ்திரேட் கேட்டால் பதறிக்கொண்டு சொல்வார்கள். போடவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே.

"ஐயா" என்று அலமேலு குனிந்தாள். "இன்னிக்கு நம்ம சார்ஜ் கடைசி நாள். நாளையிலருந்து வேற ஐயா பாக்கறாங்க. சிரஸ்தார் சொல்றாரு, எல்லாத்துக்கும் மொத்தமா ஒரு தேதி போட்டுக் கட்டிடலாமான்னு." வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தச் சுற்றறிக்கை. மாவட்ட நீதிபதி அலுவலகத்திலிருந்து போன வாரம் வந்தது. நீதிபதிகள் பாடம் நடத்துவது, பயிற்சி வகுப்பு எடுப்பது போன்ற வெளிவேலைகள் இனி அனுமதி பெற்று, வரம்புக்குள்தான். சொந்தக் கோர்ட், இன்சார்ஜ், லோக் அதாலத் எல்லாம் சேர்த்து மொத்த வேலை நேரத்துக்கும் ஒரு வரம்பு. தொலைவில் இருக்கிற கோர்ட்டை இன்சார்ஜாகக் கொடுப்பது ரத்து. இதைக் கேட்டுப் போராடியதே கொழுந்துதான். நீதிபதிகள் கூட்டத்தில் எழுந்து நின்று, "நாங்களும் மனுஷங்கதான், ஒரு ஆளை எத்தனை கூறு போடுவீங்க" என்று பேசினார், மேஜை தட்டினார்கள். இன்சார்ஜைக் குறைக்கச் சொன்னபோது தன் வகுப்புகளிலும் கை வைப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஓடுகிறேன் ஓடுகிறேன் என்று சலித்துக்கொள்வார், ஆனால் தான் ஓடுவது நாலு பேர் கண்ணில் படவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கோமதி ஒரு தடவை சொன்னாள்: "உங்களுக்கு வேலை ஜாஸ்தியில்ல, எங்க போனாலும் அடுத்த இடத்துக்கு நேரமாச்சுன்னு சொல்லணும், அதான்." அன்றைக்குக் கோபம் வந்தது. சுற்றறிக்கையோடு வந்த தாளில் ஒரு கேள்வி இருந்தது: வெளிவேலையால் நீதிமன்றப் பணி எப்போதாவது பாதிக்கப்பட்டதா? இன்றைக்குக் காலையில் காபி குடித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினார். எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை. அதுதான் இப்போது பயமாக இருந்தது.

ஆனால் இன்றைக்குச் சாயங்காலம்வரை இந்தக் கோர்ட் அவருடையது. உத்தரவு போடுவார். இன்சார்ஜாவது மண்ணாவது. அப்பீலில் பெயர் வந்தால் வரட்டும். அவள் மட்டும் வரட்டும், உள்ளே வந்து அந்தத் திருகிய மணிக்கட்டோடு நிற்கட்டும், பேச விடாமலே போட்டுவிடுவார். வாசகங்களை மனதுக்குள் கோர்த்தார். எதிர்மனுதாரர் மேற்படி வீட்டுக்குள் நுழையக் கூடாது, வீட்டுக்கு அருகில் வரக் கூடாது, போன் மூலமாகவோ வேறு ஆள் மூலமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது, காவல் நிலைய அதிகாரி பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். நன்றாக வந்தது. ரொம்ப நன்றாக வந்தது. கையில் கொடுக்கிற காட்சியைக்கூடப் பார்த்துவிட்டார், இந்தாம்மா காயிதம் என்று அவள் பாஷையிலேயே சொல்வார், ஹாலில் லேசாகச் சிரிப்பு எழும், குழந்தை விசிறியைப் பார்க்கும். இப்போதே கூப்பிட்டால் என்ன? வரிசையாவது ஒன்றாவது. நீதிபதி நினைத்தால் கடைசியில் இருப்பதை முதலில் கூப்பிடலாம், கேட்க யாரும் இல்லை. அலமேலுவிடம் சொல்ல வாயைத் திறந்தார். ஹாஜிரா அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று நிமிர்ந்தாள், பாதி எழுந்தாள், அவளுடைய அந்த முகம், அந்தக் குழிந்த கண் நேராக அவரை நோக்கி உயர்ந்தது, அதில் எல்லாம் எழுதியிருந்தது போல் இருந்தது, கிணறு, பேப்பர், மெமோ. அவர் வாயை மூடிக்கொண்டார். "அடுத்தது" என்றார். ஹாஜிரா மறுபடி உட்கார்ந்தாள். சாலை விபத்து வழக்கு. ஒரு டாக்டர் சாட்சி. அதை வேண்டுமென்றே நிதானமாக விசாரித்தார், தேவையில்லாத கேள்விகள் இரண்டு கேட்டார். எலும்பு முறிவு எந்த வகை, ஒட்ட எவ்வளவு நாள் ஆகும். டாக்டருக்கே ஆச்சரியம், இந்தக் கோர்ட்டில் யாரும் இதுவரை அவரை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. வெளியே எங்கேயோ ஒரு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. விசிறி இல்லாத ஹாலில் அங்கிகளின் வியர்வை நாற்றம் சூழ்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளலாம், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. கடைசியில் தள்ள எதுவும் மிச்சமில்லை. அலமேலு அந்தக் கட்டை எடுத்து மேலே வைத்தாள்.

பெரியண்ணன் வாசலுக்குப் போனான். "சம்பூர்ணம்..." நல்ல கணீர்க் குரல் அவனுக்கு, மரத்தடிவரை போகும். "சம்பூர்ணம்..." கொழுந்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு நாய் குறுக்கே போனது. "சம்பூர்ணம்..." மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டுப் பெரியண்ணன் திரும்பி வந்து, வழக்கம் போல, "ஆள் இல்லைங்க ஐயா" என்றான். ஹாஜிரா எழுந்தாள். கட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "ஐயா, மனுதாரர்..." "சொல்லுங்கம்மா" என்றார். தன் குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. "மனுதாரர் காலையில நேரத்துலயே வந்துட்டாங்க ஐயா. குழந்தையோட. வேப்பமரத்தடியில உக்கார வெச்சிருந்தேன்." உயிரோடு இருக்கிறாள். அவருக்குள் ஏதோ ஒன்று கட்டறுந்து மேலே வந்தது, சிரிப்பே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சிரித்தார், உயிரோடு இருக்கிறாள், கிணறும் இல்லை பேப்பரும் இல்லை, எல்லாம் இவருடைய மண்டைக் கோளாறு. "அப்ப கூப்பிடுங்க, கூப்பிடுங்க. உத்தரவு போடறேன்." ஹாஜிரா அசையவில்லை. "நேத்தே அவரு ஊருக்கு வந்துட்டாருங்க ஐயா. இவங்க பயந்துபோய் ராத்திரி என் வீட்டுலதான் இருந்தாங்க. நானும் தூங்கல. கோர்ட் ஆரம்பிச்சதும் முதல்ல எடுத்து உத்தரவு போடச் சொல்லிக் கேக்கலாம்னுதான் எழுந்தேன்." நிறுத்தினாள். "இப்ப கொஞ்ச முன்னாடிதான் அவரு ஒரு வேன்ல ரெண்டு ஆளோட வந்திருக்காரு. நான் உள்ள இருந்தேன் ஐயா. எந்த நேரமும் கூப்பிடுவீங்கன்னு வெளிய போகாம இருந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்துட்டு ஓடறதுக்குள்ள வேன் போயிருச்சு. ரோடு வரைக்கும் ஓடிப் பாத்துட்டு இப்பத்தான் உள்ள வந்தேன்." கொழுந்து பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் வெள்ளைத் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டான். "பாத்தனுங்க ஐயா. சண்டை ஒண்ணும் போடலீங்க. சிரிச்சுக்கிட்டேதான் வந்தாரு. புள்ளயத் தூக்கி முத்தம் குடுத்து வேன்ல உக்கார வெச்சாரு. அந்தம்மா கொஞ்ச நேரம் நின்னுச்சு, கோர்ட்டப் பாத்துச்சு, அப்பறம் பொறத்தால அதுவே ஏறிருச்சுங்க. புருஷன் பொண்டாட்டி சமாதானம் ஆயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. புள்ளய உட்டுட்டு அது மட்டும் எப்படீங்க நிக்கும்?"

"ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க" என்றார். கோர்ட் கான்ஸ்டபிள் ஓடினார். ஜீப் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறார்களாம். "பைக்கில போகச் சொல்லுங்க. நடந்தாவது போகச் சொல்லுங்க. மாஜிஸ்திரேட் சொன்னேன்னு சொல்லுங்க." கான்ஸ்டபிள் மறுபடி ஓடினார். ஹாஜிரா சம்பூர்ணத்தின் போனுக்குப் போட்டாள், மறுமுனையில் ஒரு பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பொறுமையாகச் சொன்னது, முன்வரிசைவரை கேட்டது. கொழுந்து டைப்பிஸ்டைப் பார்த்துத் திரும்பினார். சொல்ல ஆரம்பித்தார். எதிர்மனுதாரர் மேற்படி வீட்டுக்குள் நுழையக் கூடாது. வீட்டுக்கு அருகில் வரக் கூடாது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை, காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. மின்சாரம் இல்லாததால் அலமேலு கையால் எழுதினாள், அவர் வாசித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை வைக்கச் சொன்னார். அவள் முத்திரையை இரண்டு தடவை அழுத்தினாள், முதல் தடவை சரியாகப் பதியவில்லை. நகலை மேடையிலிருந்து அவரே குனிந்து நீட்டினார். அப்படி நீதிபதி நீட்டும் வழக்கம் இல்லை. ஹாஜிரா முன்னால் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், ஈரம் காயாத முத்திரையில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஐயா, இதை நான் யார் கையில கொண்டுபோய்க் குடுக்கட்டும்?"